கம்பளத்தைப் புரட்டிப் பார்த்தீர்களா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஃபிளாட். ஹாலில் சோபாவுக்கு முன்னால் போட 5க்கு 8 அடியில் ஒரு கம்பளிக் கார்பெட் தேடியிருக்கிறீர்கள். ஒரு கடையில் ‘ஹேண்ட்மேட்’ என்று 19,000 சொன்னார்கள், அடுத்த கடையில் ‘ஹேண்ட் நாட்டட்’ என்று 76,000. இரண்டும் கம்பளி, இரண்டும் கைவேலை, பூ வேலைப்பாடுகூட ஏறக்குறைய ஒன்றுதான். நாலு மடங்கு விலை எதற்கு, ஏமாற்றுகிறார்களா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில், ‘வீட்டில் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், சென்னைக்கு இதெல்லாம் ஒத்துவருமா?’ என்று ஒரு வரி. என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. ஆனாலும் விலையிலிருந்தே தொடங்குகிறேன், அது புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

நான் உத்தரப் பிரதேசத்தில் கம்பள நெசவுக்குப் பேர்போன பதோஹியில் இரண்டு வருஷம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். அப்புறம் சென்னைக்குத் திரும்பி, இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்பளம் கழுவுவதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். விற்பதில்லை. அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. எந்த ரகம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

‘ஹேண்ட் நாட்டட்’ என்கிற முடிச்சுக் கம்பளம் எப்படி உருவாகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் விலைச் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும். தறி செங்குத்தாக நிற்கும். பருத்தி நூலில் பாவு, அதாவது நெடுக்கு நூல்கள், மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். தலைக்கு மேலே வண்ண வண்ணக் கம்பளி நூல் உருண்டைகள் தொங்கும். நெசவாளர் பலகையில் உட்கார்ந்து, எதிரே மாட்டியிருக்கும் கட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு பாவு நூல்களை விரலால் இழுத்து, கம்பளி நூலை அவற்றில் சுற்றிக் கீழ்நோக்கி இழுத்து, கையிலிருக்கும் கத்தியால் ஒரு வெட்டு. அது ஒரு முடிச்சு. கண் சிமிட்டும் நேரத்தில் அடுத்தது. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலை விட்டு, பஞ்சா என்கிற இரும்புச் சீப்பால் ‘டக் டக்’ என்று அடித்து இறுக்குவார்கள். மறுபடி முதலிலிருந்து. அந்தச் சீப்புச் சத்தம் கேட்காத தெரு பதோஹிப் பக்கத்துக் கிராமங்களில் அபூர்வம்.

இப்போது கணக்கு. 5க்கு 8 அடி என்றால் 40 சதுர அடி, அதாவது 5,760 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று வைத்துக்கொண்டால் 5,76,000 முடிச்சு. கை தேர்ந்தவர் ஒரு நாளில் 8,000 முடிச்சு போடுகிறார் என்று வைப்போம். ஒரே ஆள் நெய்தால் 72 நாள். 76,000 ரூபாயை 72-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு சுமார் 1,050 ரூபாய் வருகிறது. அதற்குள்ளேதான் கம்பளி, சாயம், நெய்த பிறகு கழுவிக் கத்தரித்துச் சீராக்கும் வேலை, ஏஜென்ட், லாரி வாடகை, கடை வாடகை, கடைக்காரர் லாபம் எல்லாம் அடக்கம். மீதி என்னவோ அதுதான் நெசவாளருக்கு. ‘இவ்வளவு விலையா’ என்று நீங்கள் கேட்டீர்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர் ‘இவ்வளவுதானா’ என்று கேட்கலாம்.

அப்படியானால் 19,000 ரூபாய் சரக்கு? பெரும்பாலும் அது ‘ஹேண்ட் டஃப்டட்’ என்கிற ரகமாக இருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் படத்தை வரைந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் கம்பளி நூலைக் குத்திக் குத்திச் செலுத்துவார்கள். முடிச்சே கிடையாது. நூல் கழன்று வராமலிருக்கப் பின்பக்கம் முழுக்க லேடக்ஸ் பசையைப் பூசி, அதை மறைக்க இன்னொரு துணியை ஒட்டி விடுவார்கள். மாதக்கணக்கில் ஆகிற வேலை சில நாளில் முடிந்துவிடும். கருவியை மனிதர்தான் பிடிக்கிறார், அதனால் ‘ஹேண்ட்மேட்’ என்று சொல்வது பொய்யும் அல்ல. பாதி உண்மையை முழு விலைக்கு விற்கும்போதுதான் தப்பு, 19,000 என்றால் அப்படி விற்றதாகவும் எனக்குத் தோன்றவில்லை. ஆக, இரண்டு கடைக்காரர்களுமே உங்களை ஏமாற்றாமலிருக்கலாம்.

ஆனால் சரக்கைப் பார்க்காமல் அப்படி இருக்கலாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். பார்க்க வேண்டியது நீங்கள். கடைக்குப் போய் ஒரு மூலையைப் பிடித்துப் புரட்டிப் போடுங்கள். முதுகில் கெட்டியான துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட், மேற்கொண்டு பேச்சில்லை. துணி இல்லாமல், மேலே உள்ள பூ, கொடி, ஓரக்கோடு எல்லாம் பின்பக்கமும் அதே நிறத்தில், சின்னச் சின்ன மணியாகத் தெரிந்தால் முடிச்சுக் கம்பளமாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘வாய்ப்பு’ என்று சொல்லக் காரணம், மெஷினில் நெய்த சிலவற்றிலும் பின்னால் படம் தெரியும். அப்போது இரண்டு முனையிலும் தொங்கும் குஞ்சத்தைப் பாருங்கள். முடிச்சுக் கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் மிச்சம்தான், கம்பளத்தின் உடம்புக்குள்ளிருந்தே வரும். தனியாக வாங்கித் தைத்த குஞ்சமென்றால் தையல் காட்டிக்கொடுத்துவிடும். (பழைய கம்பளத்தில் தேய்ந்துபோன குஞ்சத்துக்குப் பதிலாகப் புதிதாகத் தைத்திருப்பதும் உண்டு, நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன். புதுச் சரக்குக்குத்தான் இந்தச் சோதனை.) கடைசியாக, மேல்பக்கத்தை இரண்டு கட்டைவிரலாலும் பிளந்து வேர் வரைக்கும் பாருங்கள், தலைமுடியில் வகிடு எடுப்பது மாதிரி. அடியில் ஒவ்வொரு நூலும் பாவைச் சுற்றிக் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பது தெரியும். கூடவே கொஞ்சம் கோணல்மாணல் தெரியும், ஒரே நிறம் ஒரு பட்டையில் லேசாக மாறியிருக்கும். கைவேலையில் அது சகஜம்.

கடைக்காரர் முடிச்சு எண்ணிக்கையைச் சொல்லித்தான் உங்களை மடக்கப் பார்த்திருக்கிறார். எண்ணிப் பார்ப்பது சுலபம். பின்பக்கம் ஒரு ஸ்கேலை வைத்து, குறுக்கே ஓர் அங்குலத்தில் எத்தனை மணி, நெடுக்கே எத்தனை மணி என்று எண்ணிப் பெருக்குங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரு முடிச்சு இரண்டு பாவு நூலைப் பிடிப்பதால், சில நெசவில் பின்னால் ஒவ்வொரு முடிச்சும் ஒன்றல்ல, இரண்டு மணியாகத் தெரியும். அதை மறந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். சில கடைகளில் வேண்டுமென்றே மறப்பார்கள். பூவின் மெல்லிய ஓரக்கோடு எங்கே ஒற்றை முடிச்சு அகலத்தில் போகிறது என்று பார்த்தால் ஒரு முடிச்சுக்கு எத்தனை மணி என்பது விளங்கிவிடும். பில்லில் 9/54 என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது பதோஹிக் கணக்கு: 0.9 அங்குல அகலத்தில் 9 முடிச்சு, 4.5 அங்குல நீளத்தில் 54 முடிச்சு. பெருக்கிப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 120. இதே கணக்கில் 5/40 என்பது ஏறக்குறைய 50 தான்.

முடிச்சு அதிகமென்றால் தரம் அதிகம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நுணுக்கமான பூ வேலைக்கு நெருக்கமான முடிச்சு வேண்டும். பெரிய கட்டமும் வெறும் நிறமுமாக இருக்கிற டிசைனுக்கு அது தேவையே இல்லை. நேபாளத்தில் நெய்யும் திபெத்திய முடிச்சுக் கம்பளங்கள் 60, 100 என்ற அளவில்தான் இருக்கும், ஆனால் தடிமனாக, நடக்க மெத்தென்று, வருஷக்கணக்கில் உழைக்கும். என் அனுபவத்தில் ஆயுளைத் தீர்மானிப்பது கம்பளியின் தரம். உயிரோடிருக்கும் ஆட்டிலிருந்து கத்தரித்த நீள இழைக் கம்பளியில் இயற்கையான கொழுப்புப் பசை இருக்கும், அழுக்கு சட்டென்று உள்ளே இறங்காது. தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பு போட்டு உரித்த கம்பளி வறண்டுபோய் இருக்கும், வருஷம் போனாலும் பொடிப்பொடியாக உதிரும். உள்ளங்கையால் ஒரே இடத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். புதுக் கம்பளத்தில் கொஞ்சம் பஞ்சு வருவது சகஜம், முதல் சில மாதம் அப்படித்தான் இருக்கும். கை நிறைய வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேய்த்துப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாமே தவிர, எந்த ஊர்க் கம்பளி என்று தொட்டே சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பளபளப்புக்கும் மயங்காதீர்கள். ‘பேம்பூ சில்க்’, ‘ஆர்ட் சில்க்’ என்றெல்லாம் சொல்வது அநேகமாக விஸ்கோஸ். மரக்கூழிலிருந்தோ மூங்கில் கூழிலிருந்தோ வரும் இழை, பட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நனைந்தால் வலுவிழந்துவிடும், தண்ணீர் சிந்தின இடம் மஞ்சளாகி விறைத்துப் போகும். குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். சந்தேகமென்றால் கடைக்காரரிடம் கேட்டு ஓர் இழையை எடுத்து வெளியே போய்க் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி பொசுங்கிய நாற்றம் அடிக்கும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். விஸ்கோஸ் காகிதம் மாதிரி எரியும். பிளாஸ்டிக் இழை உருகிச் சொட்டும்.

‘பெர்ஷியன்’ என்று சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெர்ஷியன் டிசைன், பெர்ஷியன் முடிச்சு என்பதெல்லாம் ஈரானில் நெய்ததற்கு அத்தாட்சி அல்ல. பதோஹி, மிர்சாபூர் பக்கமும் காஷ்மீரிலும் நெய்பவர்கள் அதே முடிச்சைத்தான் போடுகிறார்கள். அதில் கேவலமும் எதுவுமில்லை. பதோஹிக் கம்பளத்துக்கு 2010-லிருந்தே புவிசார் குறியீடு இருக்கிறது. காஷ்மீரில் வரைபடத்துக்குப் பதிலாகத் தாலிம் என்ற குறியெழுத்துச் சீட்டு வைத்திருப்பார்கள். ‘இந்த நிறத்தில் இத்தனை முடிச்சு’ என்று ஒருவர் பாட்டு மாதிரி வாசிக்க, மற்றவர்கள் போட்டுக்கொண்டே போவார்கள். கேட்கவே நன்றாக இருக்கும். இந்தத் தொழிலில் குழந்தைகளைத் தறியில் உட்காரவைத்து வேலை வாங்கிய கதையும் பெரிது. அதை எதிர்த்துத்தான் 1994-ல் கைலாஷ் சத்யார்த்தி முயற்சியில் ரக்மார்க் முத்திரை வந்தது, இப்போது அதன் பெயர் குட்வீவ். எண் போட்ட அந்தச் சீட்டு பின்பக்கம் தைத்திருந்தால் நல்லது.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு வேளச்சேரி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கமிருந்து என் பட்டறைக்குக் கம்பளங்கள் வந்துகொண்டே இருந்தன. டெம்போவில், ஆட்டோ மேலே, ஒருவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் சுருட்டிக் கட்டி. எல்லாவற்றிலும் சேறு, சாக்கடை நாற்றம். முடிச்சுக் கம்பளங்களை ஒவ்வொன்றாக விரித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவிக் காயவைத்தோம். பெரும்பாலானவை பிழைத்தன. சிலவற்றில் சிவப்புச் சாயம் இளகி வெள்ளைப் பூவெல்லாம் ரோஸ் ஆகியிருந்தது, அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஈரத்தோடு மடித்துப் பத்து நாள் வைத்திருந்தவற்றில் பருத்திப் பாவு உளுத்துப்போய், விரித்தால் காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. டஃப்டட் ரகங்கள் கதை வேறு. தண்ணீர் பட்டதும் முதுகுத்துணி தோல் மாதிரி உரிந்து வந்தது, உள்ளே லேடக்ஸ் ரவை ரவையாகக் கொட்டியது, நூல் கொத்தாகக் கையோடு வந்தது. பசை போய்விட்டால் அதில் பிடிமானம் என்று வேறெதுவும் இல்லை. எல்லாமே குப்பை வண்டிக்குத்தான் போனது. வெள்ளம் வராவிட்டாலும் லேடக்ஸ் காலப்போக்கில் காய்ந்து நொறுங்கத்தான் செய்யும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் மாவு மாதிரி படிந்திருந்தால் அது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த நாலு மடங்கு விலையில் நீங்கள் வாங்குவது இதைத்தான். முடிச்சுக் கம்பளத்தை அவிழ்க்கலாம், கழுவலாம், ஓட்டை விழுந்தால் புதுப் பாவு கோத்து அதே நிறத்தில் முடிச்சுப் போட்டு மூடலாம். மேலே இருக்கிற பூ இரண்டிலும் ஒன்றுதான், அதற்காக யாரும் 57,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

சென்னைப் புழுக்கம் கம்பளியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, தினமும் வீடு துடைக்கிற நம் பழக்கம். வேலை செய்யும் அக்கா கம்பளத்தைத் தூக்கமாட்டார். மாப்பை ஓரத்தோடு ஓட்டிக்கொண்டு போவார். தினமும் நனைந்து நனைந்து அந்த ஓரத்துப் பாவும் குஞ்சமும்தான் முதலில் கறுத்து இற்றுப்போகும். என்னிடம் பழுதுக்கு வருகிறவற்றில் பெரும்பகுதி இந்தக் கேஸ்தான். துடைக்கும்போது சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், தரை காய்ந்த பிறகு விரியுங்கள். பூந்தொட்டியைக் கம்பளத்தின் மேல் வைக்கவே வைக்காதீர்கள்.

இரண்டாவது அந்துப்பூச்சி. பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை, அதன் புழுதான் கம்பளியைத் தின்னும். அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும். சோபாவுக்கு அடியில் நகர்த்தாமல் கிடக்கிற பாகம் அதற்கு அரண்மனை. ஒரு வீட்டில் நடு ஹாலில் புத்தம்புதிதாக இருந்த கம்பளம், திவானுக்கு அடியில் இரண்டடி அகலத்துக்கு மொட்டையாகி வெறும் பாவும் ஊடையும் மட்டும் மிச்சமிருந்தது. சைபீரியாவின் அல்தாய் மலையில் 1949-ல் ஒரு கல்லறைக்குள் கிடைத்த பாசிரிக் கம்பளம், பனிக்கட்டிக்குள் இருந்ததால் 2,300 வருஷத்துக்கு மேல் முடிச்சுக் கலையாமல் பிழைத்து இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் இருக்கிறது. அதே கம்பளி நம் ஊரில் திவானுக்கு அடியில் இரண்டு வருஷம் தாங்கவில்லை. மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி இரண்டு பக்கமும் வேக்குவம் போடுங்கள். சுழலும் பிரஷ் வேண்டாம், வெறும் உறிஞ்சல் போதும். குஞ்சத்தின் மேல் ஓட்டாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் வெயில் படுவதும் மிதிபடுவதும் சமமாகும்.

பையன் விஷயம். பால், சாம்பார் எது கொட்டினாலும் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம் கொஞ்சம் வெறும் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். மஞ்சள் கறை பெரும்பாலும் முழுசாகப் போகாது, அதை முன்னாலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூத்திரம் போனால் உடனே தண்ணீர். நாள்பட்டால் சாயத்தையே மாற்றிவிடும். பிளீச்சிங் சமாசாரம் எதுவும் கிட்டே வரக்கூடாது, அது கம்பளியைக் கரைத்துவிடும். என்ஸைம் போட்ட துணி சோப்பும் வேண்டாம். கம்பளியும் புரதம், அந்த என்ஸைமுக்குக் கறைக்கும் கம்பளிக்கும் வித்தியாசம் தெரியாது. வழுக்காமலிருக்க அடியில் ஃபெல்ட்டும் ரப்பரும் சேர்ந்த விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள், டைல்ஸ் தரையில் ஓடுகிற பிள்ளைக்கு அது முக்கியம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்? பையனுக்கு ஆறேழு வயது ஆகும் வரை ஹாலில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். அழுக்கானால் அலசி மொட்டைமாடியில் காயப்போடலாம், கீழே உட்கார்ந்து சாப்பிடலாம். அதற்குள் பணம் சேர்ந்தால் முடிச்சுக் கம்பளம். இல்லை, கம்பளிதான் இப்போதே வேண்டும் என்றால், 19,000 சரக்கை எடுக்கலாம். சில வருஷம் பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள் என்ற கணக்கில் எடுங்கள், கழுவக் கொடுத்து மீட்கலாம் என்ற எண்ணத்தில் எடுக்காதீர்கள். 76,000 கொடுப்பதாக இருந்தால், சோபாவை மாதாமாதம் நகர்த்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று முதலில் பேசி முடிவு பண்ணுங்கள். பின்னால் விற்றால் லாபம் வரும் என்று கடைக்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள், நகை மாதிரி இதைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாரும் காத்திருக்கவில்லை.

கம்பளத்தின் மேல்பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தீர்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்து என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. மறுபடி கடைக்குப் போனால் ஒரு மூலையைப் புரட்டி, ஸ்கேலை வைத்து, பின்பக்கத்தையும் குஞ்சம் தொடங்கும் இடத்தையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். எண்ணிச் சொல்கிறேன்.